அமுதவள்ளியின் ஐந்து மணிப் பூஜ்யம்

சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவுண்டர் ஆளின் நாற்காலிக்கு அரையடி பின்னால் போட்டு, அதில் உட்கார்ந்து, முழங்கால்மேல் ஒரு 555 நோட்டைத் திறந்து வைத்துக்கொண்ட பிறகுதான் அமுதவள்ளி குட்மார்னிங் சொல்வார். அதற்குள் அந்த ஆளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, நாம் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து வைத்திருப்பதற்குச் சமம். பார்ப்பவர் பேசவும் மாட்டார். இருபது நிமிடம், சில நாள் நாற்பது நிமிடம், விரல்களையே பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இத ஏன் இப்படி அடிக்கிறீங்க?"

பதில் நோட்டில் ஏறும். ஸ்டூல் அடுத்த நாற்காலிக்கு நகரும்.

வேலாயுதம் ஹாலேஜ் என்பது பண்டமாரானில் இருக்கும் லோரி கம்பெனி. நூற்று நாற்பது லோரிகள். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களைத் தொழிற்சாலைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். எந்த லோரி, எந்த டிரைவர், எந்தக் கண்டெய்னர், எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யும் இடம் டிஸ்பாட்ச் கவுண்டர். அங்கே ஒன்பது பேர். அந்த ஒன்பது முதுகுகளையும் அமுதவள்ளி பதினொரு மாதம் பார்த்தார். பதினான்கு 555 நோட்டுகள் நிரம்பின. மளிகைக் கடைக்காரர் சட்டைப்பையில் செருகி வைத்திருக்கும் அதே உள்ளங்கை அகல நோட்டுதான். இவ்வளவு சின்ன ஆயுதத்தை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருட சாம்ராஜ்யம் ஒன்றைக் கவிழ்த்தவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கவிழ்ந்த சாம்ராஜ்யத்தின் பெயர் அய்யாவு.

அய்யாவு முதலில் ஒரு மனிதராகத்தான் இருந்தார். கம்பெனியின் டிஸ்பாட்ச் மென்பொருளைத் தனியாளாக எட்டே மாதத்தில் எழுதி முடித்தவர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, எலியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் எஃப் சாவிகள். எழுதி மூன்றாவது வருடம் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பூசணித் தோட்டம் போட்டிருப்பதாகக் கேள்வி. போகும்போது ஒரு குறிப்புக்கூட எழுதி வைக்கவில்லை. பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மென்பொருளுக்கு அய்யாவு என்றே பெயர். காலையில் கவுண்டரில் கேட்கும் முதல் குரல், "அய்யாவு எந்திரிச்சிட்டானா?" திரை மெதுவாக வந்தால், "அய்யாவு மூச்சு விடமாட்டேங்கிறான்." புதிய லோரியைப் பதிவு செய்ய முடியாவிட்டால், "அய்யாவு ஒத்துக்கல, பாஸ்." புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு மலாய்க்காரப் பெண், அய்யாவு என்பவர் அறையை விட்டு வெளியே வராத மேலதிகாரி என்று இரண்டு வாரம் நினைத்திருந்தாள். மூன்றாவது வாரம் விடுப்புக் கடிதத்தில் அவர் பெயரையும் போட்டு மரியாதை செய்தாள்.

அந்த அய்யாவுக்குப் பத்தொன்பது வருடம் மருந்து கொடுத்து, நாடி பிடித்து, திங்கட்கிழமை காலைகளில் எழுப்பி உட்கார வைத்தவர் அமுதவள்ளி. வயது ஐம்பத்திரண்டு. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. காலையில் ஊரே கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்குள் நசுங்கிக்கொண்டு வரும்போது, அவர் எதிர்த்திசையில் கிள்ளான் பக்கம் போவார். அதனால் வாழ்க்கையில் ஒரு நாளும் ரயிலில் நின்றதில்லை. கூட்டம் போகாத திசையில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்பதை அவர் கம்ப்யூட்டர் அறையில் அல்ல, மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் கற்றுக்கொண்டார்.

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். சில நாள் இரண்டு. முதலாவது இருப்பது மறந்துபோய்ச் செருகியது. திரையில் கோளாறுச் செய்தி வந்தால் மற்றவர்கள் பதறி எஸ்கேப் சாவியைக் குத்துவார்கள். அவர் தடுப்பார். "பொறு லா. அது ஏதோ சொல்லுது. சொல்லி முடிக்கட்டும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உறவுக்காரர் கஷ்டம் சொல்லக் கேட்பது போலக் கடைசி வரி வரைக்கும் படிப்பார். வட்டமான எண்கள்மேல் அவருக்கு ஆழ்ந்த சந்தேகம் உண்டு. "சரியா நூறா? அப்ப யாரோ எண்ணல."

அய்யாவைக் கொல்ல இவருக்கு முன்னால் இரண்டு முயற்சிகள் நடந்தன. முதலாவது பல வருடங்களுக்கு முன். செராஸிலிருந்து வந்த ஒரு நிபுணர், கவுண்டரில் இருந்த எல்லாரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் வேலை என்னவென்று எழுதுங்கள் என்றார். ஒன்பது பேரும் "டிஸ்பாட்ச்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தகவலை வைத்து அவர் கட்டிய மென்பொருள் நான்கு நாள் உயிரோடு இருந்தது.

இரண்டாவது முயற்சிதான் காவியம். நிறுவனர் வேலாயுதத்தின் மகன் சுகுமாறன் எம்.டி. நாற்காலியில் அமர்ந்ததும், கோலாலம்பூரில் நாற்பதாவது மாடியில் இருந்த ஓர் ஆலோசனைக் குழுவை அழைத்து வந்தார். தலைவர் சிவேந்திரன். சட்டைக் காலரில் சின்ன மைக் குத்திக்கொண்டு, எட்டுப் பேர் இருந்த அறையில் எண்ணூறு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். "இது சாஃப்ட்வேர் மாற்றம் இல்ல. இது ஒரு ஜர்னி." சுவரெங்கும் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்புத் தாள்கள் ஒட்டினார்கள். ஏழு மாதம் ஒட்டினார்கள். அமுதவள்ளியிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பாஸ்வேர்ட்.

புதிய மென்பொருளுக்குப் பழைய தகவல்களை மாற்றும்போது, சிவேந்திரன் குழு ஒரு கட்டத்தைப் பார்த்துச் சிரித்தது. ஃபேக்ஸ் எண். டிரைவருக்கு ஒரு ஃபேக்ஸ் எண் கட்டம், வாடிக்கையாளருக்கு ஒன்று, லோரிக்குக்கூட ஒன்று. லோரிக்கு யார் ஃபேக்ஸ் அனுப்பப் போகிறார்கள்? அந்த வரிசை முழுவதையும் ஒரே தட்டில் அழித்தார்கள். அதைச் சுத்தம் என்று சொன்னார்கள்.

இங்கே ஃபேக்ஸ் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனியின் ஃபேக்ஸ் மெஷின் செத்துப் பதினெட்டு வருடமாகிறது. அய்யாவின் திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்க அவர் பெர்த்திலிருந்து வர வேண்டும். ஆகவே ஃபேக்ஸ் கட்டம் காலியாகக் கிடந்தது. தாமான் குடியிருப்பில் ஒரு மனை காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? ஒருவர் காரை நிறுத்துவார், இன்னொருவர் வாழை நடுவார், மூன்றாமவர் மரத்தடியில் ஒரு சாமியை வைத்துவிடுவார். அப்படியேதான் இங்கும். கவுண்டர் ஆட்கள், கம்பெனி நடக்க உண்மையில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அத்தனையையும் ஃபேக்ஸ் எண்ணாக மாற்றி அங்கே குடிவைத்திருந்தார்கள்.

0000 என்றால் வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அந்தத் தொழிற்சாலை கேட்டைத் திறக்க ஆள் இருக்காது. 4 என்றால், நம்பர் பிளேட்டில் நான்கு உள்ள லோரியை அந்தச் சீனர் அபசகுனம் என்று வாசலுக்குள் விடமாட்டார். 8888 என்றால் டிரைவர் தைப்பூச விரதம், காலில் செருப்பு போடமாட்டார், துறைமுகத்துக்குள் சேஃப்டி பூட்ஸ் இல்லாமல் விடமாட்டார்கள், ஆகவே வேறு பக்கம் அனுப்பு. 6060 என்றால் அந்த யார்டில் ஒரு நாய் இருக்கிறது; அதற்குப் பழகிய டிரைவர்கள் மூன்றே பேர். 7117 என்றால் இந்த இருவரும் மச்சினர்கள், பேச்சு வார்த்தை கிடையாது, ஒரே யார்டில் சந்திக்க விடாதே.

சிவேந்திரனின் மென்பொருள் ஏறியது தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பதினொரு லோரிகள், பள்ளிவாசலுக்குப் போய்விட்ட காவலாளியின் பூட்டிய கேட் முன்னால் வரிசையில் நின்றன. துறைமுக வாசலில் இருபத்தாறு டிரைவர்கள், வெறுங்காலோடும் நெற்றி நிறைய விபூதியோடும், பாதுகாப்பு அதிகாரியிடம் பக்தியை விளக்கிக்கொண்டிருந்தார்கள். புதுக் கிடங்கு திறந்த ஒரு சீன முதலாளியின் வாசலில், சிங்க நடனம் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், 4444 என்ற லோரி ஆரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. மச்சினர்கள் இருவரும் காப்பாரில் ஒரே யார்டில் சந்தித்தார்கள். நாய் தன் கடமையைச் செய்தது.

மூன்று மணிக்கு அய்யாவை மறுபடி எழுப்பினார்கள். எழுப்பியவர் அமுதவள்ளி. சிவேந்திரன் குழு நூற்று நாற்பது பக்க அறிக்கை அனுப்பியது. கம்பெனிக்காரர்களின் மனநிலை இன்னும் பக்குவப்படவில்லை என்று அதில் இருந்தது.

அதன் பிறகு நடந்த போர்டு மீட்டிங்கில் முடிவு இப்படி வந்தது. அடுத்த தைப்பூசத்துக்குள் ஒரு கடைசி முயற்சி. அதுவும் தோற்றால் டிஸ்பாட்ச் வேலை மொத்தத்தையும் ஷா ஆலாமில் உள்ள ஒரு வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது. கவுண்டரை மூடுவது. ஒன்பது பேரும் அமுதவள்ளியும் வீட்டுக்குப் போவது. சுகுமாறன் கவுண்டருக்கு வந்து இதை வருத்தமான முகத்தோடுதான் சொன்னார். அந்த முகத்துக்கு முன்னால் வேறு யாரும் கை தூக்காததால், "நான் செய்றேன், பாஸ்" என்றார் அமுதவள்ளி.

"நீங்களா? எத்தன பேரு வேணும்?"

"ஒரு ஸ்டூல் வேணும்."

எழுத்தில் ஒரு நிபந்தனையும் போட்டார். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். தினமும் மாலை ஐந்து மணிக்கு இரண்டின் முடிவுகளையும் ஒப்பிடுவார். வித்தியாசம் முப்பது வேலை நாள் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால், எப்போது மாற்றுவது என்பதை அமுதவள்ளியே முடிவு செய்யலாம், அறிவிப்பு தேவையில்லை. கோல்ஃப் மைதானத்துக்குப் போகும் அவசரத்தில் சுகுமாறன் அதைக் காரின் பானெட்மேல் வைத்துக் கையெழுத்திட்டார். பெரிய மனிதர்கள் படிக்காமல் கையெழுத்திடுவதால்தான் உலகில் பல நல்ல காரியங்கள் நடக்கின்றன.

அமுதவள்ளியின் முறையில் ஜர்னி எதுவும் இல்லை. அய்யாவின் வேலைகளில் ஒன்றை மட்டும் எடுப்பார். முதலில், லோரி வாசலைத் தாண்டக் காட்ட வேண்டிய கேட் சீட்டை அச்சடிப்பது. அதைப் புதிதாகக் கட்டி, பக்கத்தில் ஓடவிட்டு, ஒத்துப்போகும் வரை திருத்துவார். அப்புறம் லோரிப் பட்டியல். அப்புறம் டிரைவர் முறை. அய்யாவுக்குத் தெரியாமல் அய்யாவின் கையிலிருந்து ஒவ்வொரு சாமானாக வாங்கி வைத்துக்கொண்டே வந்தார். ஃபேக்ஸ் கட்டத்தில் குடியிருந்த நாற்பத்து மூன்று ரகசியங்களுக்கும் சொந்தப் பெயரில் தனித்தனிக் கட்டம் கொடுத்தார். நாய்க்கும் ஒன்று. கவுண்டரில் பழையபடி எண்ணை அடித்தால் போதும், புதியதில் அது தன் கட்டத்தில் போய் உட்காரும். திரையை மட்டும் மாற்றவில்லை. அதே கறுப்பு, அதே பச்சை, அதே எஃப் சாவிகள். கலர் வேண்டாமா என்று சுகுமாறன் கேட்டபோது, "அவங்க விரலுக்குக் கண்ணு இருக்கு, பாஸ். அதக் குருடாக்க வேணாம்" என்றார்.

ஐந்து மணி எண்ணைக் கவுண்டர் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவார். முதல் நாள் 212. ஒரு மாதம் கழித்து 90. தொழுகை நேரக் கட்டம் வந்ததும் 31. கவுண்டரில் காற்பந்து ஸ்கோர் கேட்பது போலக் கேட்க ஆரம்பித்தார்கள். "இன்னைக்கு எத்தனக்கா?" "ஏழு." "நேத்து அஞ்சுல்ல? என்னக்கா கோல் வாங்குறீங்க." அக்டோபர் கடைசியில் அது ஒன்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

ஒன்று. மறுநாள் பூஜ்யம். அதற்கு மறுநாள் ஒன்று. மூன்று வாரம் இப்படியே. அமுதவள்ளி கொண்டையில் மூன்று பென்சில்கள் செருகியிருந்த காலம் அது. பிறகு ஒரு நாள், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. ஒன்று வரும் நாள்கள் திங்கள், புதன், வெள்ளி. கம்ப்யூட்டருக்குக் கிழமை பார்த்துத் தப்பு செய்யும் பழக்கம் கிடையாது. அது மனிதர்களின் வழக்கம்.

திங்கட்கிழமை பத்தரைக்கு ஸ்டூல் பரமேஸ்வரனின் நாற்காலிக்குப் பின்னால் வந்தது. பரமேஸ்வரன் கவுண்டரின் தலைமை டிஸ்பாட்சர். அய்யாவு பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். அய்யாவின் முதல் பக்தர், கடைசி மெய்க்காவலர்.

"எனக்கு நீ ஏற்கெனவே மூணு தடவ ஒக்காந்துட்ட, அமுதா. மறுபடி என்ன?"

"சும்மாதாண்ணே."

"நீ சும்மா ஒக்காந்து நான் பாத்ததில்ல."

பதினொன்றேகாலுக்கு அவர் பின்கழுத்தைத் தடவினார். இருமினார். "போயி ஒரு கோப்பி ஓ தாப்பாவ் பண்ணிட்டு வாயேன்" என்று கடைக்கு அனுப்பப் பார்த்தார். அமுதவள்ளி எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் கிஷன் என்ற டிரைவரின் பக்கத்தைத் திறந்து, ஃபேக்ஸ் கட்டத்தில் 5151 என்று அடித்தார். நோட்டில் இல்லாத எண்.

"இத ஏன் இப்படி அடிக்கிறீங்க?"

பிரிண்டரில் இரண்டு கேட் சீட்டுகள் வெளியே வந்து விழுந்தன. பரமேஸ்வரன் அவற்றைக் கிழித்து ஓரமாக வைத்தார்.

"கிஷன் சம்சாரத்துக்கு டயாலிசிஸ். திங்க, புதன், வெள்ளி. நாலு மணிக்குக் கிள்ளான் செண்டர்ல இருக்கணும். இவன் அவ்ளோ தூரம் செமினிக்கு ஒரு ட்ரிப் போயிட்டான்னா அந்தப் பொண்ண யாரு கூட்டிட்டுப் போறது? கடைசி ட்ரிப்ப இந்தப் பக்கமா திருப்பி விடுவேன். அஞ்சு மணிக்கு முன்னால நம்பர அழிச்சிடுவேன்."

"எத்தன நாளா?"

"மூணு வருசமாச்சு."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? கையால ஒருத்தனுக்கு ட்ரிப்ப மாத்தினா வார்னிங் லெட்டர்னு நோட்டிஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க, பாக்கல? அய்யாவு கேள்வி கேக்க மாட்டான். ஒன் புது மெசினு கேக்கும். அப்பறம் எனக்கு லெட்டரு, அவனுக்கு செமினி." திரையைப் பார்த்தபடியே சொன்னார். "எழுதிக்க. அதுக்குத்தான ஒக்காந்திருக்க."

அமுதவள்ளி நோட்டை மூடினார். பதினொரு மாதத்தில் எழுதாமல் விட்ட ஒரே பதில் அது.

அந்த வாரமே புதிய மென்பொருளில் நாற்பத்து நான்காவது கட்டம் வந்தது. பெயர், "கடைசி ட்ரிப் வீட்டுப் பக்கம்". மருத்துவக் காரணம் உள்ள எந்த டிரைவரும் கேட்கலாம், தலைமை டிஸ்பாட்சர் நிரப்பலாம், வார்னிங் லெட்டர் கிடையாது. சுகுமாறனிடம் கொண்டுபோய், இந்த முறை வாசித்துக் காட்டியே கையெழுத்து வாங்கினார். சுகுமாறன் நெகிழ்ந்துபோனார். அன்று மாலையே கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில், டிரைவர்களின் குடும்பங்களை நேசிக்கும் நிர்வாகம் என்று தன் படத்தோடு அதைப் போட்டார். படம் கோல்ஃப் மைதானத்தில் எடுத்தது. கிஷனுக்குப் பிறகு இன்னும் மூன்று டிரைவர்கள் வந்து பெயர் கொடுத்தார்கள். பரமேஸ்வரன் அமுதவள்ளியின் மேசைக்கு வந்து கட்டத்தை இரண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "கட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அய்யாவு அய்யாவுதான்."

பலகையில் பூஜ்யம் விழுந்தது. மறுநாளும் பூஜ்யம். பத்தாவது பூஜ்யத்துக்குப் பிறகு ஸ்கோர் கேட்பதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். முப்பதாவது பூஜ்யம் ஜனவரி பத்தாம் தேதி. ஐந்து இருபதுக்கு அமுதவள்ளி தன் மேசையில் ஒரு வரியை மாற்றினார். கவுண்டரின் ஒன்பது திரைகளும் அய்யாவை விட்டுப் புதியதற்குத் தாவின. ஒரு கண்ணும் இமைக்கவில்லை. ஐந்து நாற்பத்தெட்டு ரயிலில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் இறங்கி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். தளபதிகள் பலர் இதைவிடச் சின்ன வெற்றிகளுக்குக் குதிரைமேல் சிலையாக நிற்கிறார்கள்.

சுகுமாறனுக்கு இது தெரியாது. அவர் புதிய மென்பொருளின் பதவியேற்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தார். பிப்ரவரியில், தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளி, மாலை மூன்றரை. கேக் சொல்லியாயிற்று. மேசைமேல் ஒரு சிவப்புப் பட்டன் வைத்தார்கள். அது எதோடும் இணைக்கப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாச் சோதனையும் ஒரே நாளில் வந்தது. வெறுங்கால் டிரைவர்கள் முப்பத்தொரு பேர். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து குவிந்த கண்டெய்னர்கள். தொழுகை நேரம். காலை ஆறு மணிக்கே பரமேஸ்வரன் வந்து உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டே முக்காலுக்குப் பூட்டிய கேட் எதன் முன்னாலும் ஒரு லோரியும் இல்லை. துறைமுகத்துக்குள் போன அத்தனை காலிலும் பூட்ஸ் இருந்தது. நான்கு உள்ள லோரிகள் நான்குக்கு அஞ்சாதவர்களிடம் போயின. மச்சினர்கள் முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் நிம்மதியாக வெறுத்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு அனுப்பிய லோரிகளின் எண்ணிக்கையைப் பரமேஸ்வரன் கூட்டிப் பார்த்தார். கம்பெனி வரலாற்றிலேயே அதிகம்.

கேக்கோடு சுகுமாறன் உள்ளே வந்தபோது பரமேஸ்வரன் எழுந்து நின்றார்.

"பாஸ், ஒரு வார்த்த. இன்னைக்கு இருநூத்துப் பதினேழு ட்ரிப். ஒரு லோரி நின்னுச்சா? ஒரு போன் கால் வந்துச்சா? அதான் அய்யாவு. தைப்பூசம் செவ்வாக்கெழம. இப்பப் போயி புதுச ஏத்தினீங்கன்னா போன வருசக் கூத்து மறுபடி நடக்கும். இந்தக் கவுண்டர நம்பி ஒம்பது குடும்பம் இருக்கு. தயவு பண்ணி அந்தப் பட்டன அமுக்காதீங்க."

சுகுமாறன் கை பட்டனுக்கு மேலே நின்றது. போன வருடத்து நாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மறுபடி வருத்தமாகத் தொடங்கியது. "இல்ல பரமேஸ்வரன், பழசயே எத்தன நாளைக்கு வெச்சிருக்கிறது. பயந்துகிட்டே ஓட்டுறதுக்குப் பதிலா, ஷா ஆலாம்காரங்களயே கூப்ட்டுடலாம். அவங்க திங்கக்கெழம வர்றோம்னுதான் சொன்னாங்க." போனை எடுத்தார்.

பரமேஸ்வரனுக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது. மற்ற எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

"பாஸ்" என்றார் அமுதவள்ளி, கதவருகில் இருந்து. "போன கொஞ்சம் வைங்க. இன்னைக்கு ஓடினது அய்யாவு இல்ல."

"அப்ப?"

"அய்யாவு போன மாசம் பத்தாந்தேதியே ரிட்டையர் ஆயாச்சு. நாலு வாரமா எல்லாம் புதுசுலதான் ஓடுது."

பரமேஸ்வரன் தன் திரையைக் குனிந்து பார்த்தார். கறுப்பு. பச்சை. எஃப் ஏழை அழுத்தினார். எப்போதும் வருவது வந்தது. "வெளயாடாத, அமுதா. எனக்கு அய்யாவத் தெரியும்."

"தெரியும்ணே. அதனாலதான் நீங்க ஒண்ணும் சொல்லலன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"யாரு பெர்மிஷன் குடுத்தா?" என்றார் சுகுமாறன். அமுதவள்ளி ஒரு தாளை நீட்டினார். சுகுமாறன் தன் கையெழுத்தை அடையாளம் கண்டார். அதற்கு மேலே இருந்ததை முதன்முறையாகப் படித்தார். படித்து முடித்து, நல்ல முதலாளிகளுக்கே உரிய வேகத்தில் நிலைமையைச் சொந்தமாக்கிக்கொண்டார். "எஸ். நான்தான் சொன்னேன். ஆனா நெசமாவே போயாச்சான்னு நான் பாக்கணும்."

ஸ்டோர் ரூமுக்கு எல்லாரும் போனார்கள். ஹெல்மெட் அட்டைப் பெட்டிகளுக்கும் தீபாவளி அலங்கார விளக்குகளுக்கும் நடுவில், சின்னக் குளிர்சாதனப் பெட்டி உயரத்தில் அய்யாவு உறுமிக்கொண்டிருந்தான். யாருக்கும் எதுவும் செய்யாமல் மின்சாரம் தின்று நான்கு வாரம். அமுதவள்ளி குனிந்து பிளக்கைப் பிடித்தார். பரமேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார்.

உறுமல் இறங்கி, மெலிந்து, நின்றது. அப்படியோர் ஓசை அந்தக் கட்டடத்தில் இருந்ததே அது நின்றபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த அமைதியில், கவுண்டர் பக்கமிருந்து பிரிண்டர் ஒரு கேட் சீட்டை அடித்துத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. வெளியே ஒரு லோரி கியர் மாற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. பரமேஸ்வரன் கண்ணைத் திறந்தார். சுகுமாறன் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

கேக் வெட்டக் கத்தி தேடிக்கொண்டு எல்லாரும் வெளியே ஓடினார்கள். அமுதவள்ளி அலமாரிக்கு மேலிருந்து ஒரு கெட்டிலை எடுத்து, பதினொரு பேருக்குத் தண்ணீர் ஊற்றி, காலியான அந்தத் துளைகளில் அதன் பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினார்.